முறைத்தால் மட்டும் போதுமா?

வாசகர் கேள்வி பதில். இந்த இதழில் திரை நடிப்பும் காமிக்ஸ் எதிர்நாயகர்களும்.

கேள்வி: சாலிகிராமத்தில் ஒரு ஆடிஷன். "ஆன்டி ஹீரோ மாதிரி பண்ணுங்க" என்றார்கள். தாடியோடு போயிருந்தேன். நன்றாக முறைத்தேன், குரலையும் கரகரப்பாக்கினேன். "சொல்லி அனுப்புறோம்" என்றுவிட்டார்கள். என்ன தப்பு?
(வாசகர், வியாசர்பாடி)

பதில்: முறைப்பு இப்போது வில்லனுக்கே பழசாகிவிட்டது. எதிர்நாயகன் என்பவன் வழி தப்பு என்று தெரிந்தே அதில் இறங்குகிறவன். அந்த 'தெரிந்தே'யில்தான் நடிகனுக்கு வேலை. தெருக்கூத்தில் 'கர்ண மோட்சம்' பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பது கர்ணனுக்குத் தெரியும், செஞ்சோற்றுக் கடன் விடவில்லை. சனம் அழுவது அதற்குத்தான்.

கையில் கொடுக்கும் வசனப் பக்கத்தில் ஒரு பென்சிலால் ஓரிடத்தைக் குறியுங்கள். இந்த வரிக்கு முன்புவரை அவன் திரும்பிப் போயிருக்கலாம், இதற்குப் பின் முடியாது என்கிற இடம். முதல் வரியிலிருந்தே கோபமாகப் பேசினால் அந்த இடத்துக்கு வரும்போது ஏறுவதற்குப் படியே இருக்காது. புதியவர்களில் பெரும்பாலோர் விழுவது இங்கேதான். குறித்த இடம்வரை சாதாரணமாக, கொஞ்சம் சலிப்பாகக்கூடப் பேசுங்கள். கைக்கு ஒரு வேலை கொடுங்கள்: சட்டை மடிப்பது, ஆரஞ்சு உரிப்பது, எதுவானாலும் சரி. குறித்த வரிக்கு முன் அந்தக் கை நிற்கட்டும். குளோஸப்பில் அரை நொடி போதும்.

இன்னொன்று, அவன் எதைச் செய்ய மாட்டான் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். குழந்தையைத் தொட மாட்டான், முதுகில் குத்த மாட்டான், ஏதோ ஒன்று. வசனத்தில் அது வராது. ஆனால் எதிரே நிற்பவரை நீங்கள் பார்க்கும் விதம் மாறிவிடும். கண் கலங்கி அனுதாபம் கேட்கிற வேலை மட்டும் வேண்டாம். ஆடிஷன் எடுப்பவர்கள் ஒரே நாளில் அதை நாற்பது முறை பார்த்திருப்பார்கள்.

வீட்டிலேயே சோதிக்கலாம். நடித்ததை போனில் எடுத்து, சத்தத்தை நிறுத்திவிட்டு மூன்று பேரிடம் தனித்தனியாகக் காட்டுங்கள். "இவன் எந்த இடத்தில் முடிவெடுத்தான்?" என்று மட்டும் கேளுங்கள். மூவரும் மூன்று இடத்தைச் சொன்னால், முடிவு உங்கள் மனசிலேயே நின்றுவிட்டது, முகத்துக்கு வரவில்லை என்று அர்த்தம்.

கேள்வி: இந்த மாதிரிப் பாத்திரங்கள் எல்லாம் அமெரிக்க காமிக்ஸ் சரக்குதானே? தமிழ் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு நல்லவன், கெட்டவன் இரண்டே ஜாதிதான்.
(கொளத்தூர் வாசகர்)

பதில்: அப்படியா? சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸ் முதல் இதழாக வந்தது யார்? இரும்புக்கை மாயாவி! பரிசோதனைக்கூடத்து விபத்தில் வலது கையை இழந்து எஃகுக் கை பொருத்திக்கொண்ட லூயிஸ் கிராண்டேல். மின்சாரம் பாய்ந்தால் அந்தக் கை தவிர உடம்பு முழுக்க மறைந்துவிடும். பிரிட்டனின் 'வேலியன்ட்' வார இதழில் 1962இல் தொடங்கிய அந்தத் தொடரின் ஆரம்பத்தில் மாயாவி ஹீரோவே அல்ல. சக்தி தலைக்கேறிக் குற்றத்தில் இறங்குகிறவன். நிழல் படை உளவாளியானதெல்லாம் பிறகு.

1984இல் லயன் காமிக்ஸ் வந்தது. அது தமிழுக்குக் கொண்டுவந்த ஸ்பைடர் இன்னும் மோசம். குற்றவாளிகளுக்கெல்லாம் ராஜாவாக வேண்டும் என்பதே அவன் லட்சியம். பெல்ஹாம், ஆர்டினி என்று இரண்டு கூட்டாளிகள் வேறு. 1965இல் பிரிட்டனின் 'லயன்' இதழில் பிறந்தவன். அவன் கதைகளைப் பிற்பாடு எழுதியவர்களில் ஒருவர் ஜெர்ரி சீகல், சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர். உலகத்திலேயே உத்தமமான ஹீரோவைப் படைத்தவர் கை, கூர்க்காது வைத்த இந்தத் திருடனையும் எழுதியது. லயன் தமிழில் அறிமுகப்படுத்திய மாடஸ்டி பிளைசியும் ஒரு குற்றக் கும்பலின் முன்னாள் தலைவிதான். கேப்டன் டைகராக நாம் படித்த புளூபெரி, மேலதிகாரி சொல் கேட்காத சூதாடி. அவன் முகம் பிரெஞ்சு நடிகர் ழான் போல் பெல்மோண்டோவைப் பார்த்து வரையப்பட்டது. நடிகர் காமிக்ஸுக்குள் போன கதை அது.

உண்மையில் அமெரிக்கர்கள்தான் தாமதம். 1954இல் அங்கே பதிப்பாளர்கள் தமக்குத்தாமே போட்டுக்கொண்ட காமிக்ஸ் கோடு என்னும் விதித் தொகுப்பு, குற்றவாளி மீது அனுதாபம் வரும்படி வரையக் கூடாது, நன்மைதான் ஜெயிக்க வேண்டும் என்றது. 1971இல் அது தளர்ந்தது. பிறகுதான் எதிர்நாயகர்கள் வந்தார்கள்: 1972இல் கோஸ்ட் ரைடர், 1974இல் பனிஷரும் வோல்வரினும். பனிஷர் முதலில் வந்தது ஸ்பைடர்மேனைக் கொல்ல ஏவப்பட்டவனாக, அதுவும் பொய்யை நம்பி. வெனம் 1988இல் வில்லன், 1993இல் தனித்தொடர் நாயகன். இந்தப் பெயர்களில் பல வில்லனாக வந்து, வாசகர் விடாததால் தங்கியவை.

கேள்வி: செல்ஃப் டேப் (நாமே எடுத்து அனுப்பும் ஆடிஷன் வீடியோ) அனுப்பச் சொல்கிறார்கள். பத்துக்கு மேல் அனுப்பியும் பதிலில்லை. நடிப்பா, வீடியோவா, எது கோளாறு?
(ஐ.டி. ஊழியர், பெரும்பாக்கம்)

பதில்: பார்க்காமல் சொல்வதென்றால், முதல் சந்தேகம் வீடியோ மேல்தான். நடிப்பு சரியில்லை என்று முடிவு செய்வதற்குக்கூட முகம் தெரிய வேண்டும், குரல் கேட்க வேண்டும்.

போனைப் படுக்கவாட்டில், கண் உயரத்தில், ட்ரைபாடில் நிறுத்துங்கள். ஐந்தாறு அடி தள்ளி நின்று, பின்பக்க கேமராவில் ஜூம் 2 எக்ஸ் வைத்து நெஞ்சுக்கு மேல் ஃப்ரேம் பிடியுங்கள். பக்கத்தில் வைத்து எடுத்தால் மூக்கு பெரிதாகும், காது பின்னால் போகும். செல்ஃபி கேமரா வேண்டவே வேண்டாம். வெளிச்சத்துக்கு ஜன்னல் முன்னால் நில்லுங்கள், ஜன்னல் உங்களுக்குப் பின்னால் இருந்தால் நிழலுருவம்தான் கிடைக்கும். இரவில் பழைய டியூப்லைட்டில் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாக ஓடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், போன் வழக்கமாக எடுப்பது நொடிக்கு 30 ஃப்ரேம். 25க்கு மாற்றினால் பெரும்பாலும் போய்விடும். சுவரிலிருந்து மூன்றடி தள்ளி நின்றால் நிழல் விழாது. கடவுள் படம், காலண்டர், துணிக்கொடி எதுவும் பின்னால் வேண்டாம்.

சத்தம்தான் பெரிய எதிரி. ஃபேனை நிறுத்த வேண்டும். மே மாதத்தில் இது கொடுமைதான், டேக்குக்கு நடுவே போட்டுக்கொள்ளுங்கள். காலி அறை எதிரொலிக்கும், கேமராவுக்குப் பின்னால் மெத்தையையோ ரஜாயையோ சாய்த்து வைத்தால் அடங்கும்.

எதிர் வசனம் படிப்பவர் லென்ஸுக்குப் பக்கத்தில், உங்கள் கண் உயரத்தில் இருக்க வேண்டும். அவரைப் பாருங்கள், கேட்டாலொழிய லென்ஸைப் பார்க்காதீர்கள். அவர் மைக்குக்குக் கிட்ட இருப்பதால் குரலைத் தாழ்த்தியே படிக்கட்டும். அண்ணனோ ரூம்மேட்டோ கூடவே நடிக்க ஆரம்பித்தால் ஆள் மாற்றுங்கள்.

முதலில் அறிமுகம்: பெயர், வயது, உயரம், பேசும் மொழிகள், வட்டார வழக்குகள். பதினைந்து நொடிக்குள் முடியட்டும். காட்சி இரண்டு நிமிடம் தாண்ட வேண்டாம். இரண்டு டேக் அனுப்புவதானால் இரண்டும் வேறு வேறு முடிவோடு இருக்க வேண்டும், ஒன்றையே சத்தமாகச் செய்வது இரண்டாவது டேக் ஆகாது. வாட்ஸ்அப்பில் வீடியோவாகப் போட்டால் அது நசுக்கிவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள். டிரைவ் லிங்க் என்றால் 'எனி ஒன் வித் த லிங்க்' வைத்திருக்கிறீர்களா என்று வேறொரு போனில் திறந்து பாருங்கள். அனுமதி கேட்டு மெயில் போட அங்கே யாருக்கும் நேரமில்லை. ஃபைலுக்குப் பெயர் 'வீடியோ ஃபைனல் 2' அல்ல, உங்கள் பெயரும் பாத்திரத்தின் பெயரும்.

கேள்வி: பெரிய ஹீரோ படத்தில் தம்பி வேடம் என்று ஒரு கோ-ஆர்டினேட்டர் 25,000 ரூபாய் கேட்கிறார். சங்க உறுப்பினர் கார்டு எடுக்கவாம். கொடுக்கலாமா?
(திருவொற்றியூர்)

பதில்: கூடாது. நடிப்பவருக்குத்தான் பணம் தருவார்கள், நடிப்பவரிடம் வாங்க மாட்டார்கள். சங்கத்தில் சேர வேண்டுமானால் தி.நகர் ஹபிபுல்லா சாலையில் நடிகர் சங்கம் இருக்கிறது, நேரே போய்க் கேளுங்கள், ரசீது கொடுப்பார்கள். போர்ட்ஃபோலியோவையும் (புகைப்படத் தொகுப்பு) அந்தக் கோ-ஆர்டினேட்டர் சொல்லும் ஸ்டுடியோவில்தான் எடுக்க வேண்டும் என்றால் அதுவும் இதே கதைதான். மேக்கப் இல்லாத முகம், பக்கவாட்டு முகம், முழு உருவம், சிரித்த ஒன்று என்று நாலு படம் போதும். நண்பர் எடுத்துத் தரலாம்.

கேள்வி: வில்லனாக ஆரம்பித்தால் கடைசிவரை அடியாள் வேஷம்தான் என்கிறான் என் மச்சான். ஹீரோ வாய்ப்பு வரும்வரை காத்திருக்கவா?
(பெரம்பூர்)

பதில்: மச்சானிடம் 1977ஐ ஞாபகப்படுத்துங்கள். '16 வயதினிலே' வில்லன் பரட்டையாக ரஜினிகாந்த் வந்த அதே ஆண்டுதான் 'புவனா ஒரு கேள்விக்குறி'யும் வந்தது. சிவகுமார் கெட்டவராகவும் ரஜினிகாந்த் நல்லவராகவும் இடம் மாறி நடித்தார்கள். வில்லனாகப் பேர் வாங்கியிருந்ததால்தான் அந்த மாற்றமே ருசித்தது. சத்யராஜ், சரத்குமார் வந்த வழியும் வில்லன் வழிதான். இப்போது ஓட்டம் எதிர்ப்பக்கமும் இருக்கிறது: அரவிந்த்சாமி, விஜய் சேதுபதி, எஸ்.ஜே.சூர்யா எல்லாரும் வில்லன் வேடத்தில் ஒரு சுற்று வந்தவர்கள்.

மாட்டிக்கொள்வது வில்லன் வேடத்தால் அல்ல, பெயரில்லாத வேடத்தால். 'ரவுடி 3' என்று ஸ்கிரிப்டில் இருந்தால், முகம் அடுத்த படத்திலும் 'ரவுடி 3'க்குத்தான் ஞாபகம் வரும். பெயர் இருக்கிறதா, ஒரு வரியாவது ஹீரோ இல்லாத இடத்தில் பேசுகிறானா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் ஒரே காட்சியானாலும் ஒப்புக்கொள்ளுங்கள்.

நல்ல பாடம் மலையாள சூப்பர்ஹீரோ படமான 'மின்னல் முரளி'யில் (2021) இருக்கிறது. ஹீரோவுக்கு விழுந்த அதே மின்னல் டீக்கடையில் வேலை பார்க்கும் ஷிபு மேலும் விழுகிறது. ஊர் அவனை நடத்திய விதம்தான் அவனைத் திருப்புகிறது. நடித்தவர் சென்னை நாடகக் குழுவான கூத்துப்பட்டறையில் பயின்ற குரு சோமசுந்தரம். 2016இல் தமிழில் வந்த 'ஜோக்கர்' நாயகனும் அவரே. (அந்த ஜோக்கருக்கும் பேட்மேனுக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது.)

கேள்வி: டெட்பூல் மாதிரி ஒரு படம் தமிழில் ஏன் வரவில்லை?
(அண்ணா நகர்)

பதில்: டெட்பூல் பெரியவர்களுக்கு மட்டுமான காமிக்ஸ் படம். இங்கே அப்படி எடுத்து 'ஏ' சான்றிதழ் வாங்கினால் அப்படியே டி.வி.யில் போட முடியாது, வெட்டி மறு சான்றிதழ் வாங்க வேண்டும். சாட்டிலைட் பணம் கணக்கில் இருக்கிறவரை தயாரிப்பாளர் கை நடுங்கும். 2024 முதல் யு/ஏவை 7, 13, 16 என்று வயதுவாரியாகப் பிரித்திருக்கிறார்கள். 16+ வந்த பிறகு கொஞ்சம் மூச்சு விடலாம். ஹாலிவுட்டிலும் சும்மா வரவில்லை. 2009இல் டெட்பூலை வாயைத் தைத்துக் காட்டினார்கள். வாயாடிக்கு வாயைத் தைத்தால் என்ன மிஞ்சும்? சரியான படம் வர 2016 ஆயிற்று.

கேள்வி: ஒரு வெப் சீரிஸில் முகம் முழுக்க பிராஸ்தெடிக் மேக்கப் (செயற்கைத் தோல் ஒட்டிச் செய்வது). முதல் முறை. எதற்குத் தயாராக வேண்டும்?
(மதுரவாயல்)

பதில்: முதலில் முக அச்சு எடுப்பார்கள். ஆல்ஜினேட் என்கிற குழம்பை முகத்தில் பூசி, அது இறுகியதும் மேலே பிளாஸ்டர் பேண்டேஜ் ஒட்டுவார்கள். மூக்குத் துவாரம் மட்டும் திறந்திருக்கும். அரை மணி நேரம் கண், வாய், காது எதுவும் உங்களுடையதில்லை. மூச்சு முட்டும் பயம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். 'கையைத் தூக்கினால் உடனே கழற்ற வேண்டும்' என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். சளி பிடித்திருந்தால் அன்று எடுக்கவே கூடாது.

ஒட்டும் பசையைக் காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு வைத்து ஒரு நாள் பாருங்கள். அரித்தால், சிவந்தால், வேறு பசை கேளுங்கள். படப்பிடிப்பு நாளில் முகத்தில் எண்ணெய், கிரீம் எதுவும் தடவாமல் போங்கள். சென்னைப் புழுக்கத்தில் முதலில் எழும்புவது மேலுதடும் மூக்கோரமும்தான், வியர்வை அங்கே தேங்கி ஓரத்தைத் தூக்கிவிடும். நீங்களே விரலால் அழுத்தாதீர்கள், மேக்கப் ஆளைக் கூப்பிடுங்கள். சாப்பாடு சிறு வாயாக, குடிப்பது ஸ்ட்ராவில். இரவு பேக்கப் சொன்னதும் பிய்த்து எடுத்தால் தோலும் வரும். ரிமூவரை பிரஷ்ஷால் ஓரம் ஓரமாக விட்டுக் கழற்ற முக்கால் மணி நேரம் ஆகும், அதையும் கால்ஷீட்டில் சேர்த்துப் பேசுங்கள். கலர் லென்ஸ் போடுவதாக இருந்தால் கண் மருத்துவர் அளவு பார்த்ததாக இருக்கட்டும். நெருப்பு, புகைக் காட்சியில் லென்ஸ் வேண்டாம்.

நடிப்பில் என்ன மாறும் என்றால், புருவமும் கன்னமும் போய்விடும். கழுத்தும் தோளும்தான் மிச்சம். தலையை ஒரு அங்குலம் சாய்ப்பது இங்கே ஒரு வசனம். நிறைய ஆட்டினால் பொம்மலாட்டம் ஆகிவிடும். 2012இல் வந்த 'டிரெட்' படத்தில் கார்ல் அர்பன் கடைசிவரை ஹெல்மெட்டைக் கழற்றவில்லை, கண்ணையே காட்டாமல் தாடையால் மட்டும் நடித்தார். ஹெல்மெட் போட்டுக் கண்ணாடி முன் பத்து நாள் பயிற்சி எடுங்கள். சென்னையில் ஹெல்மெட்டுக்கா பஞ்சம்!

கேள்வி: சண்டைக் காட்சியில் துப்பாக்கி, ரோப் இரண்டும் உண்டு. பயமாக இருக்கிறது என்று சொன்னால் கேலி செய்வார்களோ?
(வாசகர், ராமாபுரம்)

பதில்: கேலி செய்தால் செய்யட்டும். 'தி க்ரோ' என்ற காமிக்ஸ் எதிர்நாயகன் படத்தில் நடித்துக்கொண்டிருந்த பிராண்டன் லீ 1993 மார்ச் 31 அன்று செட்டில் சுடப்பட்டு இறந்தார். நிஜத் தோட்டாவிலிருந்து மருந்தை மட்டும் எடுத்துவிட்டு டம்மி செய்திருந்தார்கள். அடியில் பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு வெடிப்பொருள்) இருந்தது. அது வெடித்துத் தள்ளிய குண்டு குழலுக்குள்ளேயே சிக்கியதை யாரும் பார்க்கவில்லை. பிறகு அதே துப்பாக்கியில் பிளாங்க் (குண்டில்லாமல் மருந்து மட்டும் உள்ள தோட்டா) போட்டுச் சுட்டபோது அந்தக் குண்டு வெளியே வந்தது. ஒரே ஒரு முறை குழலுக்குள் டார்ச் அடித்திருந்தால் போதும்.

எனவே ஒவ்வொரு டேக்குக்கும் முன் உங்கள் கண்ணெதிரே திறந்து காட்டச் சொல்லுங்கள். பிளாங்க்கிலும் சூடான வாயு பீறிடும், கிட்டத்தில் அதுவே காயப்படுத்தும். குறி எதிராளி மேல் அல்ல, ஓரடி தள்ளி, கேமரா கோணம் மீதியைப் பார்த்துக்கொள்ளும். ரோப்பில் தொங்கும்போது தொடையிடுக்குப் பட்டை மடங்காமல் இருக்கிறதா, உங்கள் எடைக்கு மேல் மூட்டை கட்டி இழுத்துப் பார்த்தார்களா என்று ஃபைட் மாஸ்டரிடம் கேளுங்கள். கால் மரத்துப்போனால் அந்த நொடியே இறக்கச் சொல்ல வேண்டும், ஷாட் முடியட்டும் என்று பல்லைக் கடிக்கக் கூடாது.

கேள்வி: கல்லூரி முடித்த மகள் நடிக்கப் போகிறேன் என்கிறாள். எங்கே சேர்ப்பது?
(ஒரு தாய், மயிலாப்பூர்)

பதில்: ந.முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறையிலிருந்து பசுபதி, விமல் என்று பலர் வந்திருக்கிறார்கள். பட்டமாக வேண்டுமானால் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாடகத்தில் முதுகலை இருக்கிறது. தரமணி எம்.ஜி.ஆர். திரைப்பட நிறுவனத்தில் இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு போன்றவைதான் பாடம். ஆனால் அந்த மாணவர்களின் குறும்படங்களுக்கு நடிக்க ஆள் வேண்டும். சம்பளம் எதிர்பார்க்க முடியாது, நல்ல கேமராவில் எடுத்த காட்சி கையில் கிடைக்கும், அதுதான் ஷோரீலுக்கு (நடித்த காட்சிகளின் தொகுப்பு வீடியோ) ஆகும். எங்கே சேர்ந்தாலும் முதல் நாள் ஒரு வகுப்பை உட்கார்ந்து பார்க்க விடுகிறார்களா என்று கேளுங்கள், அம்மா. ஆறு மாதக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டச் சொல்கிற இடம் வேண்டாம்.

கேள்வி: வடசென்னை பின்னணியில் ஒரு எதிர்நாயகனை வைத்து 48 பக்க காமிக்ஸ் செய்திருக்கிறோம். எழுத்து நான், படம் என் நண்பன். ஒரு தயாரிப்பாளர் ஆர்வம் காட்டுகிறார். என்ன கவனிக்க வேண்டும்?
(போரூர் வாசகர்)

பதில்: தயாரிப்பாளரிடம் போகும் முன் நண்பரோடு உட்காருங்கள். பாத்திரம் யாருடையது, பணம் வந்தால் எந்த விகிதம், ஒருவர் மறுத்தால் விற்கலாமா என்று ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். காமிக்ஸில் நட்பு முறிவது பெரும்பாலும் இந்தப் பக்கம் எழுதப்படாததால்தான்.

காப்புரிமை (காப்பிரைட்) எழுதி முடித்தவுடனேயே உங்களுக்கு வந்துவிடுகிறது, பதிவு கட்டாயமில்லை. ஆனால் வழக்கு என்று வந்தால் தேதிக்குச் சாட்சி வேண்டும். காப்புரிமை அலுவலகத்தில் இணையவழி பதியலாம், இலக்கியப் படைப்புக்கு 500 ரூபாய். எழுத்தையும் ஓவியத்தையும் தனித்தனிப் படைப்பாகப் பதியுங்கள். ஆட்சேபணைக்கு 30 நாள் விடுவார்கள். வெறும் கருவுக்குக் காப்பு இல்லை என்பதை 1978இலேயே உச்ச நீதிமன்றம் ஆர்.ஜி.ஆனந்த் வழக்கில் சொல்லிவிட்டது. 'மீனவன் ஒருவன் கடத்தல்காரர்களைப் பழிவாங்குகிறான்' என்பது யாருக்கும் சொந்தமில்லை. உங்கள் காட்சி வரிசை, பாத்திரம், வசனம்தான் சொந்தம். அதனால் வாயால் கதை சொல்லிவிட்டு வராதீர்கள். அச்சிட்ட பிரதியைக் கொடுத்து, கொடுத்ததற்கு ஒரு மெயில் போடுங்கள்.

ஒப்பந்தத்தில் காலத்தையும் எல்லையையும் பாருங்கள். எழுதாமல் விட்டால் சட்டப்படி காலம் 5 ஆண்டு, எல்லை இந்தியா. வாங்கியவர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் உரிமை திரும்பிவிடும் என்றும் சட்டம் சொல்கிறது, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய. அந்த 'வேறு மாதிரி' எங்கேயோ பன்னிரண்டாம் பக்கத்தில் ஒளிந்திருக்கும், தேடிப் படியுங்கள். முழு உரிமையையும் எழுதிக் கொடுப்பதற்குப் பதில், சிறு தொகைக்கு 12 மாத ஆப்ஷன் (அந்தக் காலத்துக்குள் உரிமையை வாங்கிக்கொள்ளும் வாய்ப்பு) கொடுப்பது நல்லது. படம் மட்டும் அவருக்கு. அடுத்த பாகம், தொடர், வீடியோ கேம், காமிக்ஸ் தொடர்ச்சி எல்லாம் தனித்தனியாகப் பேசப்பட வேண்டும். பாத்திரத்தின் பெயரை விட்டுக்கொடுத்தீர்களானால் இரண்டாவது இதழை நீங்களே போட முடியாமல் போகும்.

கேள்வி: சட்டையில்லாத காட்சி இருக்கிறது. வோல்வரினுக்கு ஹியூ ஜாக்மேன் தண்ணீர் குடிக்காமல் இருந்தாராமே, நானும் செய்யலாமா?
(வாசகர், ஆவடி)

பதில்: அவர் செய்ததாக அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் அவரைச் சுற்றிப் பயிற்சியாளரும் குளிரூட்டிய ஸ்டுடியோவும் இருந்தன. உங்களுக்கு ஈ.சி.ஆர். வெயில். வேண்டாம். நரம்பு தெரிவதில் பாதி, வெளிச்சத்தின் வேலை. பக்கவாட்டிலிருந்து கடினமான லைட் விழுந்தால் சாதாரண வயிற்றிலும் கட்டு தெரியும். அந்தக் காட்சியைக் காலையில் முதல் ஷாட்டாக வைக்க முடியுமா என்று உதவி இயக்குநரிடம் முன்கூட்டியே கேளுங்கள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்றால் வயிறு காட்டிக் கொடுத்துவிடும். ஷாட்டுக்குப் பத்து நிமிடம் முன் புஷ்அப் எடுங்கள், முந்தின இரவு உப்பைக் குறையுங்கள், தண்ணீரைக் குறைக்காதீர்கள்.